பதினேழு

பாமணியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை.
யூரியா நெடி படியேறி வரும்.
இரண்டு மேசை, ஒரு இன்வெர்ட்டர்,
தூறல் போட்டாலே திணறும் இணையம்.

நெல் கொள்முதல் நிலையங்களுக்கான பக்கங்களை
எனக்கு முன்னால் எழுதியவன் அவசரக்காரன்.
கணக்கையும் நிறத்தையும்
ஒரே வரியில் பிசைந்து வைத்திருந்தான்:
ஈரப்பதம் 17-க்கு மேல் போனால்
கட்டம் சிவப்பு, எழுத்து தடிமன்,
'திருப்பி அனுப்பு.'
அடியில் ஒரு குறிப்பு:
ஓடுகிறது, தொடாதே.

தொடும்படி ஆனது.
ஐப்பசி அடைமழை.
மன்னார்குடி ரோட்டோரம் குறுவை நெல்
தார்ப்பாய்க்குள் புழுங்கிக்கொண்டிருந்தது.
17 இனி 19 என்று
மாலை நாலரைக்கு ஆணை வந்தது.
ஆறு மணிக்குள் மாற்ற வேண்டும்.

17-ஐத் தேடினேன்.
முப்பத்தெட்டு இடங்கள்.
'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானின்மேல்
விரலை வைத்து ஒரு நொடி யோசித்தேன்.
அந்த ஒரு நொடி போதவில்லை.

அதில் ஒரு 17
பட்டியலுக்கு இடப்பக்கம் ஜெசிமா விட்ட ஓரம்.
இரண்டு புள்ளி நகர்ந்து
'குவிண்டால்' உடைந்து கீழே தொங்கியது.
ஒரு 17 இருள்நீக்கி நிலையத்தின் எண்.
அவர்கள் மூட்டையெல்லாம்
பத்தொன்பதாம் நிலையத்தின் கணக்கில் ஏறிவிட்டது.
எழுத்தர் பார்க்கும் திரையிலோ
அந்தப் புண்ணியவான்
16.99-க்கு மேல் என்று எழுதியிருந்தான்.
என் தேடலுக்கு அது சிக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு வேதவல்லி கூப்பிட்டார்.
நூற்றுப் பத்து மூட்டை, நனைந்த குரல்.
'என் போனுல பச்சை காட்டுது,
இவரு பொட்டியில செவப்பு காட்டுது.
நெல்லு ஒண்ணுதானேம்மா?
அதுக்கு எதுக்கு ரெண்டு வாயி?'

அன்றிரவு பிரிக்க உட்கார்ந்தோம்.
என் கோப்பில் இப்போது நிறமில்லை,
வணக்கமில்லை, தமிழே இல்லை.
எடை, ஈரம், எல்லை.
கேட்டால் ஆம், அல்லது இல்லை.
எல்லை எழுதியிருப்பது ஒரே இடத்தில்.
ஜெசிமாவின் பக்கத்துக்கு
ஏன் என்று தெரியாது,
கொடுத்ததைக் காட்டும்.

மதகு மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்,
இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வாய்க்கால் என்று.
அவள் கூத்தாநல்லூர்க்காரி.
'மதகு கசியும்' என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல்.
கசியத்தான் செய்கிறது.
பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது
என்றொரு கேள்வி அவள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.
அதைப் பிடுங்கி என் பக்கம் கொண்டுவரப் பார்த்தேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

நான் 'இல்லை'யைக் கண்டுபிடித்தேன்.
அதை எப்படிச் சொல்வது என்று
அவள் மூன்று மணிவரை யோசித்தாள்.
'திருப்பி அனுப்பு' இருந்த இடத்தில்
விடிகாலை இப்படி இருந்தது:
'இன்று ஈரம் 19.4. எல்லை 19.
உங்கள் டோக்கன் ரத்தாகவில்லை.'
சிவப்பும் இல்லை.
என்னைக் கேட்கவில்லை,
கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்த ஆணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.
சோறு ஆறுவதற்குள் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு
மறுபடி இலையில் உட்கார்ந்தேன்.
யாரும் கூப்பிடவில்லை.
ஓரம் அதே 17-இல் நின்றது.

முன்பெல்லாம் ஒரே கோப்பில் இருவர் கையும் கிடக்கும்.
என் வரியை அழித்தாயா, உன் நிறத்தைத் தொட்டேனா என்று
நாளுக்கு நாலு சண்டை.
இப்போது மதியம் முழுக்க
விசைப்பலகைச் சத்தம் மட்டும்.
நேற்று, ஒன்றுமில்லாததற்கு,
'அந்தப் பச்சை கொஞ்சம் அதிகமோ?' என்றேன்.
ஜெசிமா நாற்காலியைத் திருப்பி
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
'ஒன் கோப்புல
பச்சைன்னு ஒண்ணு இருக்கா?'